விவிலிய உணவும் தமிழ்ப் பெயர்களும்

விவிலியம் பிறந்த நிலத்தில் கோதுமையும் வாற்கோதுமையுமே முதன்மைத் தானியங்கள். நெல்லைப் பற்றிய தெளிவான குறிப்பு அந்நூலில் இல்லை. அந்நிலத்தின் உணவை அரிசியுண்ணும் மக்களின் மொழியில் எவ்வாறு பெயரிடுவது? சீகன்பால்கு 1714ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றத் தொடங்கிய காலந்தொட்டு மொழிபெயர்ப்பாளர் முன் நின்ற வினா இது.

கிரேக்க மூலத்தின் 'ஆர்த்தோஸ்' தமிழில் 'அப்பம்' ஆயிற்று. நம் அப்பமோ அரிசி மாவாலானது. ஆயினும் இச்சொல்லே பொருத்தமானது என்பது நம் கருத்து. மாவு புளித்துப் பொங்கினாலன்றி நல்ல அப்பம் அமையாது என்பதை நம் அடுக்களை அறியும். ஆகவே 'புளிப்பில்லாத அப்பம்' என்றவுடன், எகிப்தைவிட்டு விரைந்து புறப்பட்டோர்க்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்கப் பொழுதில்லை என்பது விளங்கிவிடுகிறது. பந்திங் கடைகளில் நாம் உண்ணும் ரொட்டி சானாய் புளிக்கவைக்கப்படாதது. 'ரொட்டி' என்று பெயர்த்திருப்பின் இந்நுட்பம் மங்கியிருக்கும். இயேசு கற்பித்த வேண்டுதலில் அதே கிரேக்கச் சொல், பழைய மொழிபெயர்ப்பில், 'ஆகாரம்' என்னும் பொதுப்பெயர் பெற்றது. அன்றாட உணவை வேண்டும் இடத்தில் அப்பம் என்றால் பலகாரம் கேட்பதுபோல் ஆகிவிடும் அன்றோ!

மலாய்மொழியில் 1629இல் வெளிவந்த ரூயிலின் மத்தேயு நற்செய்தி, அத்திமரத்தைப் 'பீசாங்' என வாழையாக்கியது. தமிழுக்கு அவ்விடர் நேரவில்லை. நம் நாட்டு அத்தி விவிலிய அத்தியின் நெருங்கிய உறவே.

தானியப் பெயர்களில் இத்தகைய பொருத்தம் எப்போதும் வாய்க்கவில்லை. எசேக்கியேல் நூல் கூறும் கலப்புத் தானிய அப்பத்தில் தினையோடு கம்பும் இடம்பெறுகிறது. மூலத்தில் இருப்பது கோதுமையின் உறவான ஒரு பழந்தானியம். கம்பங்கூழ் உண்ட தலைமுறை அதனைத் தன் உணவாகவே எண்ணியிருக்கும். இன்று நம் மாணவர் பலருக்குக் கம்பும் அயற்சொல்லே.

அளவைப் பெயர்களில் இழப்பு இன்னும் பெரிது. ஒரு பெண் மாவில் புளிப்பை அடக்கிவைத்த உவமையில், ஹென்றி பவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டுப் பெயர்ப்பின் வழிவந்த பழைய விவிலியம் 'மூன்றுபடி' என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியமோ 'மூன்று மரக்கால்' என்கிறது. மூல அளவு இருபது லிட்டருக்கும் மேற்பட்டது. படியோ இரண்டு லிட்டருக்கும் குறைவு. சிறிதளவு புளிப்பு ஊரே உண்ணத்தக்க மாவைப் பொங்கச் செய்தது என்பதே உவமையின் உயிர். படி என்றால் அது ஒரு வீட்டு உணவாகச் சுருங்கிவிடுகிறது. மரக்காலே ஏற்றது, ஆனால், அது எவ்வளவு என்பதை லிட்டர் அளவையில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு வகுப்பில் ஒருமுறையேனும் அளந்து காட்டவேண்டும்.