இலைதானே என்று எண்ணிவிடாதீர்கள்!



பாடசாலை முடிந்து பிரத்தியேக வகுப்புக்குச் சென்ற பிள்ளை இஷாவுக்குப் பின்னரே வீடு திரும்புகின்றான். கண்கள் சிவந்திருக்கின்றன, பேச்சுக் குறைந்துவிட்டது. காரணம் கேட்டால் தூக்கமில்லை என்கின்றான். உம்மாவின் உள்ளம் எதையோ உணர்கின்றது. ஆனால் வாப்பாவிடம் சொல்ல அஞ்சுகின்றது. கஞ்சா நம் பிள்ளைகளையும் நெருங்கிவிட்டதோ என்ற இந்த அச்சம் இன்று பல வீடுகளில் குடிகொண்டுள்ளது.

“இது மது அல்லவே, வெறும் இலைதானே! ஆயுர்வேத மருந்திலும் சேர்க்கின்றார்களே!” என்று சில மாணவர்கள் நியாயம் கூறுகின்றனர். வைத்தியர் அளவறிந்து தயாரிக்கும் மருந்து வேறு. போதைக்காகப் புகைப்பது வேறு. கம்ரு என்ற சொல்லின் மூலப்பொருளே மூடுதல் என்பதாகும். அறிவை மூடி மறைக்கும் எதுவும் அதனுள் அடங்கும். போதை தரும் யாவும் ஹராம் என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள். கஞ்சாச் செடியிலிருந்து பெறப்படும் ஹஷீஷ் ஹராமானது என்று ஹிஜ்ரி 728இல் மறைந்த இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களும் தீர்ப்பளித்துள்ளார்கள்.

மருத்துவம் கூறுவதையும் கேளுங்கள். மனித மூளையின் வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை தொடர்கின்றது. கஞ்சாவிலுள்ள டி.எச்.சி. என்ற இரசாயனம் ஞாபக சக்தியையும் கவனத்தையும் பாதிக்கின்றது. மயக்கம் சில மணி நேரத்தில் தெளிந்தாலும், அது உடற்கொழுப்பில் படிந்து, தொடர்ந்து பாவிப்போரின் உடலில் வாரக்கணக்கில் தங்கக்கூடும். சாதாரண தர, உயர் தரப் பரீட்சைகளுக்குத் தயாராகும் மாணவனுக்கு இது எத்தகைய இழப்பு!

சுவீடனில் 45,000க்கும் அதிகமான இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்று 1987இல் வெளிவந்தது. 18 வயதளவில் 50 தடவைகளுக்கு மேல் கஞ்சா பாவித்திருந்தோரிடம் மனச்சிதைவு நோய் ஏற்படும் ஆபத்து, பாவிக்காதோரைவிட ஆறு மடங்காகக் காணப்பட்டது. இந்நோய்க்கு வேறு காரணங்களும் உண்டு; எனினும் இந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்யலாகாது.

பெற்றோர்களே! சிவந்த கண்கள் மாத்திரம் சான்றாகிவிடாது, ஆராயாமல் குற்றஞ்சாட்டாதீர்கள். உண்மை தெரியவந்தால் அடித்து வீட்டைவிட்டு விரட்டாதீர்கள். அவன் நேரே விற்பவனிடமே போய்ச் சேர்வான். ஊர் என்ன சொல்லுமோ என்று மூடி மறைக்கவும் வேண்டாம்; மானத்தைக் காக்கப் போய் மகனை இழந்துவிடுவீர்கள். விபசாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த இளைஞரைச் சுற்றியிருந்தோர் அதட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் அவரை அருகே அழைத்து, அவர் சிந்திக்கும்படி வினாத் தொடுத்து, நெஞ்சில் கைவைத்து அவருக்காகத் துஆச் செய்தார்கள். அந்த வழிமுறையே நமக்கும் முன்மாதிரி. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுவதிலும் வெட்கமில்லை.

இளைஞர்களே! முதல் சுருட்டைப் பெரும்பாலும் எதிரி நீட்டுவதில்லை, நண்பனே நீட்டுகின்றான். அந்த ஒரு கணத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் துணிவே உங்கள் வீரம். ஏற்கனவே சிக்கியிருந்தால் இன்றிரவே உம்மாவிடமோ வாப்பாவிடமோ மனந்திறந்து பேசுங்கள். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கின்றது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவையும் ஈமானையும் பாதுகாப்பானாக! ஆமீன்.