புரட்டிப் படுக்கவைக்க நான்கு பேர்

1954 ஜனவரி 30. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இளம் டாக்டர்கள் சிலர் ஒரு ஸ்டேஷன் வேகனில் உல்லாசப் பயணம் கிளம்பினார்கள். வழியில் வண்டி விபத்துக்குள்ளானது. உள்ளே இருந்தவர்களில் மிக மோசமாக அடிபட்டவர் மேரி வர்கீஸ். கொச்சிக்காரர், அப்போது வயது 28. முகம் சிதைந்திருந்தது. தண்டுவடத்தில் பட்ட அடியால் இரண்டு கால்களும் செயலிழந்தன.

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த கதைதான். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூர் பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கி நடத்தினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இந்தக் கதையை விடமாட்டார்கள். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்று முடித்துவிடுவார்கள். மேரியின் மன உறுதியில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தண்டுவடம் அடிபட்ட உடலுக்கு என்ன நேர்கிறது என்று கொஞ்சம் படித்துப் பார்த்தால், அவரைச் சுற்றி எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. ஏனென்றால் இந்தக் காயத்தைக் கவனிக்க ஆள் கணக்கு உண்டு.

அந்தக் கணக்கு ரோட்டிலேயே தொடங்கிவிடுகிறது. கார் உருண்ட நொடியில் முதுகெலும்பு உடைந்து தண்டுவடத்தை நசுக்குவது முதல் காயம். அதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. அடுத்த சில மணி நேரத்தில், சில நாட்களில் நடப்பது இரண்டாவது காயம். அடிபட்ட இடம் வீங்குகிறது. ரத்த ஓட்டம் குறைகிறது. செத்த நரம்பு செல்களிலிருந்து குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறிக் கசிந்து, பக்கத்தில் பிழைத்திருக்கும் செல்களையும் கொல்கிறது. இதன் நடுவே உடைந்த எலும்பு ஒரு முறை அசைந்தாலும் போதும், பாதி பிழைத்திருந்த தண்டுவடம் முழுதாய் அறுபடலாம்.

நம் ஊரில் விபத்து நடந்த இடத்தில் ஓடி வருபவர்களுக்கு ஈரமனம் அதிகம். இருவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க, ஒருவர் காலைப் பிடிக்க, அடிபட்டவரை மடக்கி ஆட்டோவுக்குள் திணிப்பார்கள். தண்டுவடத்துக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. தீப்பிடிக்கும் ஆபத்தோ, வேறு வண்டி வந்து மோதும் ஆபத்தோ இல்லையென்றால், அடிபட்டவர் கிடக்கும் நிலையிலேயே தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108க்குக் காத்திருப்பதுதான் பெரிய உதவி. ஆம்புலன்ஸ்காரர்கள் அவரை மரக்கட்டையைப் புரட்டுவதுபோல் ஒரே துண்டாகப் புரட்டிப் பலகையில் ஏற்றுவார்கள். அதற்கு ஒருவர் தலைமாட்டில் இருந்து தலையைப் பிடித்து எண்ணிச் சொல்ல வேண்டும். தோள், இடுப்பு, கால் என்று மூவர் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். முதுகைப் பார்த்துப் பலகையை நுழைக்க இன்னொருவர் இருந்தால் நல்லது. நால்வருக்குக் குறைந்தால் சரிவராது. ஆம்புலன்ஸில் வருவது இருவர்தான். மீதிக் கைகள் கூட்டத்திலிருந்துதான் வர வேண்டும்.

போலீஸ், கேஸ், சாட்சி என்று இழுப்பார்களோ என்ற பயம் பலரை ஒதுங்க வைத்தது உண்மை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு அந்தப் பயத்துக்கு இடம் வைக்கவில்லை. உதவியவர் விரும்பாவிட்டால் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை ஏற்கிறது. உயிரைக் காப்பாற்றும் கட்டத்துக்கு இப்படி ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. 49ஆவது மணி நேரத்திலிருந்து தொடங்குவது வேறு கதை.

அந்தக் கதையின் வில்லன் படுக்கைப்புண். தோலுக்கு அடியில் உள்ள நுண் ரத்தக் குழாய்களில் ரத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் ஓடுகிறது. வெளியிலிருந்து அதைவிட அதிகமாக அழுத்தினால் குழாய் மூடிக்கொள்ளும். உட்கார்ந்திருக்கும்போது பிட்டத்து எலும்பின் கீழ் விழும் அழுத்தம் இதைப்போலப் பல மடங்கு. அப்படியானால் சினிமா தியேட்டரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கும் நமக்கு ஏன் புண் வருவதில்லை? நாம் சும்மா உட்காருவதில்லை என்பதுதான் காரணம். நமக்கே தெரியாமல் இப்படியும் அப்படியும் நெளிகிறோம், தூக்கத்திலும் புரள்கிறோம். ரத்தம் கிடைக்காத சதை அனுப்பும் சின்ன வலி நம்மை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. தண்டுவடம் அறுந்தவருக்கு அந்த வலி மேலே போய்ச் சேர்வதில்லை, நகரச் சொல்லும் கட்டளையும் கீழே வருவதில்லை. சில மணி நேரத்தில் உள்ளே சதை சாகத் தொடங்கும். வெளியே தெரிவது ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பு. அதை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தால் வெளுத்துச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கறுத்த தோலில் இந்தச் சிவப்பும் சரியாகத் தெரியாது, சூடும் கல்போன்ற இறுக்கமும்தான் அடையாளம்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் என்று லுட்விக் குட்மானைச் சொல்லலாம், அவர் மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றாலும். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்து வந்த யூத நரம்பியல் டாக்டர் அவர். 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடம் அடிபட்ட போர்வீரர்களுக்கான பிரிவு அவர் பொறுப்பில் வந்தது. அதுவரை இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோரைப் படுக்கைப்புண்ணும் சிறுநீரகக் கிருமித்தொற்றும் சீக்கிரமே கொன்றுவிடும். டாக்டர்களும் கைகழுவிவிட்டிருந்தார்கள். குட்மான் போட்ட உத்தரவு ஒன்றுதான் அன்று புரட்சி: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவும் பகலும், ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்கவையுங்கள். சரியாக நடக்கிறதா என்று நள்ளிரவில் அவரே வார்டுக்கு வந்து பார்ப்பாராம். 1948இல் அதே மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேருக்கு அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியில்தான் பாராலிம்பிக்கின் வேர் இருக்கிறது.

இந்த உத்தரவை ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். ஒரு நாளைக்கு 12 முறை. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, விடியற்காலை ஆறு. எழுபது கிலோ கணவரை ஐம்பது கிலோ மனைவி தனியாகப் புரட்ட வேண்டும். இழுத்தால் விரிப்பில் தோல் உராய்ந்து கிழியும். அதனால் தூக்கித்தான் திருப்ப வேண்டும். கணுக்காலுக்கு இடையில் ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க ஒரு மடித்த துண்டு, சிறுநீர் டியூப் மடங்காமல் பார்த்துக்கொள்வது, விரிப்பின் சுருக்கத்தை நீவிவிடுவது. வசதி உள்ளவர்கள் ஏர் பெட் வாங்குவார்கள். நல்லதுதான், ஆனால் அது இருந்தாலும் திருப்பாமல் விட முடியாது. இப்படி ஒரு மாதத்தில் 360 முறை.

அந்த மனைவிக்கு என்ன ஆகும் என்று அறிவியல் ஒரு விதத்தில் அளந்தே பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானிஸ் கீகோல்ட் கிளேசர் குழு, மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களின் கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சின்ன காயம் ஒன்றைச் செய்து, அது ஆறும் நாட்களை எண்ணியது. அதே வயது, அதே வருமானம் உள்ள, ஆனால் யாரையும் பராமரிக்கும் சுமை இல்லாத பெண்களுக்கும் அப்படியே செய்தார்கள். பராமரிக்கும் பெண்களுக்குக் காயம் ஆற சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. 1995இல் வெளியான முடிவு இது. அதே குழு பத்தாண்டு கழித்து 42 தம்பதிகளிடம் செய்த ஆய்வில், ஓயாமல் சண்டை போட்டுக்கொள்ளும் ஜோடிகளின் காயம் மற்ற ஜோடிகளுடையதில் 60 சதவீத வேகத்தில்தான் ஆறியது. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால், காயம் ஆறும் முதல் கட்ட வேலைக்குத் தேவையான சைட்டோகைன் என்ற புரதங்களை அடக்கிவிடுகிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் தூக்கம் கெட்டால் வீட்டில் நோயாளி இருவராகிவிடுவார்கள் என்பது நம் பாட்டிகளுக்குப் புதிய செய்தி இல்லை. ஆனால் உதவி செய்ய நினைக்கும் சொந்தக்காரர்கள் யாரும் இரவு இரண்டு மணி முறையைத் தாங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக் கேட்டதில்லை.

அவர்கள் ஆப்பிள் வாங்கி வருகிறார்கள். விபத்து நடந்த முதல் வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்க இடம் இருக்காது. ஐ.சி.யூ. வாசலில் ஹார்லிக்ஸ் பாட்டில் குவியும். இதே மாதிரி அடிபட்டு இறந்துபோன பெரியப்பா மகனைப் பற்றி ஒருவர் விவரமாகச் சொல்லுவார். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த மறு வாரமும் வருவார்கள். மூன்றாவது மாதம் வாசலில் செருப்பு இருக்காது. உடம்பின் கணக்கோ நேர் எதிர். தொடை எலும்பு கூடவே மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். கம்பி வைத்திருந்தாலும் எலும்பு தன் வேலையைத் தானேதான் செய்ய வேண்டும். தண்டுவடம் அடிபட்டவருக்குத் திரும்ப வரக்கூடிய அசைவும் உணர்வும் பெரும்பாலும் முதல் ஆறு, ஒன்பது மாதங்களில் வருகின்றன. பிசியோதெரபிக்கு ஆட்டோவில் தூக்கி வைக்க ஆள் தேவைப்படுவது அப்போதுதான். நான்காவது மாதம்தான் ‘இனி நடக்க முடியாது’ என்பது உள்ளே இறங்குகிறது, பேச ஆள் தேவைப்படுவதும் அப்போதுதான். பார்க்க வருபவர்கள் தங்களுக்குள் பேசி நாட்களைப் பங்கிட்டுக்கொண்டால், முதல் வாரக் கூட்டமே ஓர் ஆண்டுக்குத் தாராளமாகப் போதும்.

பக்கத்தில் ஆள் இருப்பது வெறும் ஆறுதலா? 2006இல் ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளரின் குழு, திருமணமான 16 பெண்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, கணுக்காலில் மின் அதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரித்து மூளையைப் படம் பிடித்தது. யாரும் இல்லாதபோது ஆபத்தைக் கையாளும் மூளைப் பகுதிகள் மும்முரமாயின. முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்தபோது அந்த வேகம் ஓரளவு தணிந்தது. கணவர் பிடித்தபோது இன்னும் தணிந்தது, அதிலும் மனமொத்த தம்பதிகளில் அதிகம். முன்பின் தெரியாதவரின் கையும் வேலை செய்தது என்பதை நான் இங்கே அடிக்கோடிட விரும்புகிறேன். ரோட்டில் கிடப்பவருக்கு முதலில் கிடைப்பது அந்தக் கைதான்.

மேரிக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. அவர் அடிபட்டது மருத்துவமனைக் குடும்பத்துக்குள். கூடப் படித்தவர்களும் நர்ஸுகளும் சுற்றி இருந்தார்கள். அதைவிட முக்கியம், பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை நிபுணர் அவருக்கு வேலை கொடுத்தார். தொழுநோயில் செயலிழந்த விரலுக்கு வேறு தசைநாரை மாற்றிக் கட்டும் அறுவையை வேலூரில் வளர்த்தெடுத்தவர் பிராண்ட். அதை உட்கார்ந்தபடியே செய்ய முடியும். இரக்கப்பட்டுச் சும்மா உட்காரவைக்காமல், எந்த வேலையை இந்த உடம்பு செய்யும் என்று யோசித்துக் கொடுத்த உதவி அது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகிய மேரி, பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு ஊர் திரும்பினார்.

பாகாயத்தில் இன்றும் நோயாளியோடு ஒருவர் கூடவே தங்குகிறார். நம் ஆஸ்பத்திரி வழக்கில் அவர் ‘அட்டெண்டர்’. புரட்டுவது, படுக்கையிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவது, தோலைத் தினம் சோதிப்பது எல்லாம் அவருக்கும் பாடம். சிறுநீர் எடுப்பதும் அப்படித்தான். 1972இல் ஜாக் லாப்பிடஸ் என்ற அமெரிக்க டாக்டர், இதற்கு ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கையையும் டியூபையும் கழுவி, சில மணி நேரத்துக்கு ஒரு முறை தவறாமல் எடுத்தால் போதும் என்று காட்டினார். சிறுநீர்ப்பை பொங்கி விரிந்து கிடப்பதுதான் தொற்றுக்கு வழி என்பது அவர் வாதம். அதன்பிறகு ஆஸ்பத்திரியிலிருந்த ஒரு பெரிய வேலை வீட்டுக் குளியலறைக்கு வந்துவிட்டது.

அந்தக் குளியலறைக் கதவில்தான் பலருடைய மறுவாழ்வு முட்டி நிற்கிறது. சாதாரண வீல்சேர் இரண்டடிக்கு மேல் அகலம். நம் வீட்டுக் குளியலறைக் கதவு பல இடங்களில் இரண்டரை அடிகூட இருப்பதில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். மறுநாள் அதே பயிற்சியைச் செய்யவைக்க வீட்டில் ஒருவர் வேண்டும். கதவை இடித்து அகலப்படுத்தக் கொத்தனார் வேண்டும். வாசலுக்கும் அவர்தான். சாய்தளத்துக்கான பொது விதி ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம். வாசலில் ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் உயரம் 18 அங்குலம், சாய்தளம் 18 அடி. சென்னையில் ஒரு சந்து வீட்டிலோ, மதுரையில் ஒரு வரிசை வீட்டிலோ தன் வாசலுக்கு முன்னால் 18 அடி சொந்த இடம் யாருக்கும் கிடையாது. பக்கவாட்டில் திருப்பித்தான் கட்ட வேண்டும். அது அடுத்த வீட்டுக்காரர் பைக் நிறுத்தும் இடத்தில் போய் முடியும். முதலில் அவரிடம் போய்ப் பேச வேண்டும்.