முன்னனுபவமின்றிக் கணினித் தொழிலிற் புகுதல்

"பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம், கலியாணம் நடந்தால்தான் பைத்தியம் தெளியும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. கணினித் தொழிலை நாடும் இளைஞர் நிலையும் இன்று இதுவேயாம். விளம்பரங்கள் பலவும் ஈராண்டு அனுபவமுடையாரையே விழைகின்றன. வேலையில் அமர்ந்தாலன்றி அவ்வனுபவம் வாய்ப்பதில்லை. பொறியியல் பயின்றார்க்கே இஃது இடர்ப்பாடாயின், தமிழும் வரலாறும் பயில்வார் நிலை என்னாம்? தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம் இவ்வினாவைப் பிறர்பொருட்டு மட்டுமன்றி எம்பொருட்டும் எழுப்பிக்கொண்டேம். கண்ட விடையை நண்பர்கள்முன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், அனுபவம் என்பது யாது? ஆளெடுப்போர் அச்சொல்லால் வேண்டுவன இரண்டே. தொடங்கிய வேலையை, இடையில் தோன்றும் பிழைகளைக் கண்டு களைந்து, ஒருவர் முடிக்கவல்லரா என்பது ஒன்று. பிறருடன் கூடித் தொழில் செய்யவும், தாம் செய்ததைப் பிறர்க்கு விளங்க உரைக்கவும் வல்லரா என்பது மற்றொன்று. முன்பு வேலை தந்தவர் அளிக்கும் நற்சான்று இவற்றிற்கு ஒரு சாட்சி. அதுவே தனிச் சாட்சியன்று. மருத்துவம் பயில்வார் மருத்துவமனையின்றிப் பழகல் இயலாது. பாலங் கட்டப் பயில்வார்க்கு இரும்பும் சிமிட்டியும் வேண்டும். கணினித் தொழிலுக்கோ ஒரு பழைய மடிக்கணினியும் இணைய இணைப்புமே போதும். பெருநிறுவனத்தார் கையாளும் கருவிகளுட் பல விலையின்றியே கிடைக்கின்றன. 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக் கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தம் வீட்டுக் கணினியில் எழுதத் தொடங்கிய லினக்ஸ், இன்று இணையத்தைத் தாங்கும் கணினிகளுட் பெரும்பாலானவற்றையும் ஆண்டிராய்டுக் கைப்பேசிகளையும் இயக்குகின்றது. அதனை எழுதுமாறு அவரை எந்நிறுவனமும் பணித்ததில்லை. அத்துணைப் பெருமை எல்லார்க்கும் வாய்க்குமென்று யாம் கூறுகின்றிலேம். வேலை கிடைக்குமுன்னரே வேலையைச் செய்தல் இத்துறையில் இயலும் என்பதே யாம் காட்ட விழைவது.

இனி, எம் சிறு முயற்சியொன்றைக் கூறுவாம். "தமிழ்" என்னுஞ் சொல்லில் எழுத்தெத்தனை என்று ஒரு சிறுவனைக் கேட்பின், மூன்றென்பான். பைத்தான் என்னும் நிரல்மொழியில் அதே வினாவை விடுத்தேம். ஐந்தென விடை வந்தது. கணினியிற் கோளாறென்றே முதலில் எண்ணினேம். ஆராய்ந்தபொழுது உண்மை புலனாயிற்று. உலக மொழிகளின் எழுத்துக்களுக்கு எண் வகுக்கும் ஒருங்குறி முறையில், அகரமேறிய மெய்க்கு ஓரெண்ணும், உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண்ணும் தரப்பட்டுள்ளன. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தாகவே கணினி அச்சொல்லைக் கொண்டுள்ளது. ஆதலின், குறிகளையும் புள்ளியையும் முன்னின்ற எழுத்தோடு சேர்த்தெண்ணுமாறு நிரலைத் திருத்தினேம், மூன்றென வந்தது.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தோழரொருவர் "பக்ஷி" என்று எழுதிக் காட்டினார். ஓரெழுத்தாக எழுதப்படும் க்ஷகரம் இரண்டாக எண்ணப்பட்டது. மற்றொருவர் "கொடி" என்பதைத் தேடினார்; கண்முன் இருந்த சொல்லைக் கணினி இல்லையென்றது. ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாகிய ஈரெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. இருவகையையும் ஒருவகையாக்கிய பின்னரே தேடல் வேண்டுமென்று அன்று கற்றேம்.

இது சிறு வேலையே. ஆயினும் பிழை காணல், காரணம் ஆய்தல், திருத்தல், பிறர் சோதனைக்கு உட்படுதல் என மேலே கூறியவை யாவும் இதனுள் அடங்கின. இலக்கணம் பயின்றமை எமக்குக் குறையாகாது துணையாயிற்று. இவ்வாறே வரலாறு பயில்வார் கல்வெட்டுப் பட்டியலொன்றையும், பொருளியல் பயில்வார் சந்தை விலைக் கணக்கொன்றையும் கருவாகக் கொள்ளலாம்.

செய்ததைப் பெட்டியிற் பூட்டி வைத்தலாற் பயனில்லை. டோர்வால்ட்ஸ் 2005-இல் ஆக்கிய கிட் என்னும் கருவி, நிரலில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும், செய்தவர் பெயர், நாள், குறிப்பு ஆகியவற்றோடு பதிந்து வைக்கின்றது. 2008-இல் தொடங்கிய கிட்ஹப் போன்ற தளங்களில் அப்பதிவை எவரும் காண வைக்கலாம். இந்நிரல் யாது, எவ்வாறு இயக்குவது, தீராத குறைகள் யாவை என ஒரு பக்க விளக்கமும் உடன் வேண்டும். குறையை மறைத்தலினும் கூறுதலே நன்று. தேர்வு செய்வோர் அதனைக்கொண்டே நம் அறிவை அளப்பர். அடுத்து, பிறர் ஆக்கிய திறந்த மென்பொருள்களிலும் சிறு திருத்தம் செய்யலாம். விளக்கவுரையில் ஒரு பிழையோ, தமிழாக்கத்தில் ஒரு சொல்லோ தொடக்கத்திற்குப் போதும். பிறரோடு கூடித் தொழில் செய்தற்கு அதுவே சான்றாகும்.

கற்க வேண்டியன பலவெனினும் முதலிற் சிலவே சாலும்: ஒரு நிரல்மொழி, தரவுகளை வினவிப் பெறும் எஸ்.கியூ.எல்., லினக்ஸ் கட்டளைகள், கிட் என்பனவே அவை. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியற் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கேட்கக் கட்டணமில்லை, தேர்வெழுதவே கட்டணமுண்டு. தமிழ்நாட்டரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் கல்லூரி மாணவர்க்குத் திறன்பயிற்சி அளிக்க எழுந்ததேயாம். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் 2014-இல் திருத்தப்பெற்றமையால், பொறியியல் பயிலாத பட்டதாரிகளும் உதவித்தொகையோடு பழகுநராக அமரலாம். நிரலெழுதுதல் ஒன்றே வாயிலன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மென்பொருட் சோதனை, பயன்படுத்துவார் குறைதீர்க்கும் உதவி மேசை, விளக்கநூல் எழுதுதல், மொழியாக்கம் ஆகியனவும் புகுவாயில்களே. தெளிவாக எழுதப் பயின்றார்க்கு இவற்றுட் சில அண்மையன.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறாது விடுதல் தகாது. எமக்கு மூத்த வகுப்பிற் பயின்று சென்ற ஒருவர், வேலை தேடி அலுத்த நாளில், பணம் பெற்றுக்கொண்டு ஈராண்டு அனுபவச் சான்று எழுதித் தருவார் ஒருவரை நம்பினார். அன்னையார் கழுத்துச் சங்கிலி அடகுக் கடை சென்றது. சான்று வந்தது, வேலையும் வந்தது. நான்காந் திங்களில் நிறுவனத்தார் அச்சான்றின் உண்மையை ஆராய்ந்தனர். அன்றே வேலை போயிற்று. பணமும் மீளவில்லை. "வேலை போனதினும், அந்நான்கு திங்களும் ஓரிரவேனும் அச்சமின்றி உறங்காமையே பெருந்துன்பம்" என்று அவர் எம்மிடங் கூறினார். இன்று அவர் ஓர் உதவி மேசையிற் குறைந்த ஊதியத்தில் இரவுப்பணி செய்து, பகலிற் கற்கின்றார். சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை. இக்கட்டுரையை எழுதுமாறு எம்மைத் தூண்டியவரும் அவரே. வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பார் உளராயின், அவ்விடத்தை விட்டு அகலுக.

மற்றொரு வழுக்குநிலமும் உண்டு. 2022-ஆம் ஆண்டின் இறுதியிற் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், கேட்டவுடன் நிரலெழுதித் தருங் கருவிகள் பெருகியுள்ளன. ஐயந் தீர்த்துக்கொள்ள இவை நல்ல துணையாம். ஆயின், அவை தந்ததைப் படித்துணராது தமதெனக் காட்டுதல் பொய்ச்சான்றின் மற்றொரு வடிவேயன்றோ? இவ்வரி ஏன் இங்குள்ளது என்று வினவின், விடை கூற வல்லதே நம்முடையது. விடை தெரியாவிடத்து, "அறியேன், இவ்வாறு ஆராய்ந்து அறிவேன்" என்றுரைப்பதில் இழிவில்லை.

இவ்வாறு முயன்றார்க்கெல்லாம் வேலை உறுதியென்று கூறும் துணிவு எமக்கில்லை. எழுதும் விண்ணப்பங்களிற் பல விடையின்றியே போம். ஆயினும், "இதுவரை என் செய்தீர்?" என்று ஒருவர் வினவும் நாளில், அஞ்சாது எடுத்துக் காட்டுதற்கு ஒன்று நம் கையிலிருக்கும். நண்பர்காள், விடுமுறை அணித்தாயுள்ளது. நுங்கள் பாடத்திலிருந்தே ஒரு சிறு குறையைத் தேர்ந்து, அதனைத் தீர்க்கும் நிரலொன்றை எழுதத் தொடங்குமின். க்ஷகரத்தை யாம் ஒருவாறு திருத்திவிட்டேம். "ஸ்ரீ" இன்னும் எம் நிரலில் இரண்டெழுத்தாகவே எண்ணப்படுகின்றது. அக்குறையை விளக்கப் பக்கத்தில் எழுதி வைத்துள்ளேம். திருத்த வல்லார் முன்வருக.