பெயரும் பிறர் உடைமையே!

இடம் பார்த்து, முதல் திரட்டி, சரக்கும் இறக்கிய பின், கடைக்குப் பெயரைக் கடைசி நேரத்தில் சூட்டுவோர் பலர். அப்பெயர் வேறொருவர் உழைத்து வளர்த்ததாயின்?

அகமதாபாத்தில் 1982 முதல் ‘முக்தஜீவன் கலர் லேப்’ என்னும் பெயரில் ஒருவர் புகைப்படத் தொழில் நடத்தி வந்தார். அதே தொழிலிலிருந்த வேறொருவர் அப்பெயரைத் தம் நிறுவனத்துக்குச் சூட்ட முனைந்தார். கீழ் நீதிமன்றங்கள் மறுத்த தடையை உச்ச நீதிமன்றம் 2001இல் வழங்கியது.

பதிவு செய்யப்படாத பெயருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆகவே, வணிகச் சின்னப் பதிவேட்டிலும் கம்பெனிப் பதிவேட்டிலும் தேடுவதோடு நில்லாமல், கடைவீதியிலும் விசாரியுங்கள். ஓரெழுத்தை மாற்றுவது போதாது. ஒலி ஒத்திருந்தாலே வழக்கு வரலாம்.

எடையில் நேர்மை காக்கும் வணிகர், பெயரிலும் பிறர் உடைமையைக் கவரலாகாது.