மடிக்கணினி: எதைப் பெற எதை இழக்கிறோம்?

2011 செப்டம்பர் 15 அன்று, ஆவடியைத் தாண்டித் திருவள்ளூரை அடுத்துள்ள காக்களூரில், விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். 2025-26 நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்றது. அரசு தரும்போது, கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியே தீர்மானித்துவிடுகிறது. கடைக்குச் சென்று வாங்கும் குடும்பம் அதைத் தானே தீர்மானிக்க வேண்டும். ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாய் என்பது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் பல வீடுகளுக்கு இரண்டு, மூன்று மாத வருமானம். எனவே இது சிறிய முடிவன்று.

கெல்வின் லங்காஸ்டர் என்ற பொருளியல் அறிஞர் 1966-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நாம் பொருளை அதன்பொருட்டு விரும்புவதில்லை. அது தரும் பண்புகளையே விரும்புகிறோம் என்பதே அது. பல ஆண்டுகள் வகுப்பறையில் இதை விளக்கியிருக்கிறேன். மடிக்கணினியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அப்போது எனக்குக் கிடைத்ததில்லை. வேகம், குறைந்த எடை, நீடிக்கும் மின்கலம் என்ற மூன்று பண்புகள் ஒரே பெட்டிக்குள் விற்கப்படுகின்றன. விலை மாறாதவரை, ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும்.

இதற்குக் காரணம் வணிகத் தந்திரம் அன்று, இயற்பியல். மின்கலத்தின் கொள்ளளவு வாட்-மணியில் குறிக்கப்படுகிறது. 50 வாட்-மணி மின்கலம் கொண்ட கருவி, கட்டுரை தட்டச்சு செய்கையில் 7 வாட் செலவிட்டால் ஏறத்தாழ ஏழு மணி நேரம் உழைக்கும். காணொளி வகுப்பில் அதுவே 15 வாட்டாக உயர்ந்தால் மூன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. இன்டெல் செயலிகளில் பெயரின் இறுதியில் ‘யு’ என்ற எழுத்து உள்ளவை பெரும்பாலும் 15 வாட் அளவில் இயங்க வடிவமைக்கப்பட்டவை. ‘ஹெச்’ உள்ளவற்றில் பல 45 வாட். வேகம் கூடினால் வெப்பம் கூடும், வெப்பத்தை வெளியேற்ற விசிறியும் உலோகத் தகடும் வேண்டும், எடை கூடும். விளம்பரத்தில் காணும் ‘பதினைந்து மணி நேரம்’ பெரும்பாலும் திரையின் ஒளியைக் குறைத்து, காணொளி ஒன்றை ஓடவிட்டு அளந்தது. வாட்-மணி எண்ணைக் கேட்டு வாங்கி, நாமே வகுத்துப் பார்ப்பது நல்லது.

இங்கே நான் அடிக்கடி காண்பது ஒன்று. ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் நின்றபடியே கல்லூரி செல்லும் வணிகவியல் மாணவரின் முதுகில், விளையாட்டுக்கென வடிவமைத்த இரண்டரைக் கிலோ கணினியும் செங்கல் போன்ற சார்ஜரும் இருக்கின்றன. ‘வேகமாக இருக்கும்’ என்று யாரோ சொன்னதால் வாங்கியது. அவர் செய்வதோ எக்செல் கணக்கும் கட்டுரையும்தாம். வகுப்பறையில் நாற்பது பேருக்கு இரண்டு மின் இணைப்புகள் இருந்தால் அந்த வேகத்தால் என்ன பயன்? அவருக்குத் தேவை ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும், ‘யு’ வகைச் செயலி கொண்ட கருவி. மிச்சமாகும் பணத்தில் நினைவகத்தை 16 ஜிபியாக உயர்த்திக்கொள்ளலாம். பல மெல்லிய கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், பின்னர் கூட்ட இயலாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்களுக்கு வரைபடம் தயாரிப்பவரின் நிலை இதற்கு நேர்மாறு. அவருடைய கணினி மேசையை விட்டு நகராது. மின் இணைப்பு அருகிலேயே இருக்கும். அவர் எடைக்கும் மின்கலத்துக்கும் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண். மின்தடையின்போது கோப்பைச் சேமிக்க அரை மணி நேரம் தாங்கினால் போதும். மேசைக்கணினியும் யுபிஎஸ்ஸும் வாங்கினால் அதே விலையில் இன்னும் கூடுதலான திறன் கிடைக்கும் என்பதையும் அவர் கணக்கிட வேண்டும்.

பொறியியல் மாணவர்களின் நிலைதான் இடையில் சிக்கியது. எடையையும் தாங்க வேண்டும். கனமான மென்பொருளும் ஓட வேண்டும். கல்லூரி ஆய்வகம் மாலையிலும் திறந்திருக்குமா என்று விசாரித்த பிறகு முடிவெடுப்பதே நல்லது என்பேன். வேகத்தை ஆய்வகத்தில் இரவல் பெறலாம். ரயிலில் மின்சாரத்தை இரவல் பெற முடியாது.

தேய்மானத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். லித்தியம்-அயனி மின்கலம் சில நூறு முறை முழுமையாக ஏற்றி இறக்கப்பட்ட பிறகு, ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவை இழந்திருக்கும். நம் ஊர் வெயில் அதை விரைவுபடுத்தும். முன்சொன்ன 50 வாட்-மணி அப்போது 40 ஆகும். ஏழு மணி நேரம் ஆறுக்கும் கீழே இறங்கும். ஆகவே, நான்காண்டுப் படிப்புக்கு வாங்குவோர் இன்றைய தேவையைவிடச் சற்றுக் கூடுதலான மின்கலத்தைப் பார்க்க வேண்டும். பல கருவிகளில் எப்போதும் மின் இணைப்பிலேயே வைத்திருப்போருக்காக, 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் அமைப்பு உண்டு, அதை இயக்கிக்கொள்ளலாம். மாற்று மின்கலம் என்ன விலை, எங்கே பொருத்தித் தருவார்கள் என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, பதிலை ரசீதின் பின்புறம் குறித்துக்கொள்வது நல்லது. சார்ஜரையும் கையில் வாங்கி எடை பார்க்க வேண்டும். அதன் எடை பெரும்பாலும் விளம்பரத்தில் இருப்பதில்லை.