ஆய்வுக்கூடத்து எலிக்கும் ஒரு பாலாடை

குழந்தைக்கு மருந்து புகட்டுவதில் இரண்டு முறைகள் உண்டு. கைகாலைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றுவது ஒன்று. இனிப்பில் குழைத்து, குழந்தை தானே நாவை நீட்டும்படி செய்வது மற்றொன்று. ஆய்வுக்கூடத்து எலிகளுக்கும் இவ்விரண்டும் பொருந்தும்.

ஒரு வைட்டமினின் பயனை அறிய, அதை எலிக்கு நாள்தோறும் அளவு தவறாமல் கொடுத்தல் வேண்டும். குடிநீரில் கலந்தாலோ, எந்த எலி எவ்வளவு குடித்தது என்பது விளங்காது. ஆகவே, குழாயை வாய்வழியே செலுத்தி, இரைப்பையில் நேரே மருந்தை விடுவது நெடுநாளைய வழக்கம். அளவு திட்டமாக அமையும் என்பது உண்மையே. ஆயினும், கை சற்றுப் பிசகினால் உணவுக்குழல் கிழியலாம். மருந்து நுரையீரலுள் புகுந்து உயிருக்கே ஊறு நேரலாம். அச்சத்தால் இரத்தத்தில் கார்டிகோஸ்டிரோன் என்னும் ஹார்மோனும் மிகுகிறது. அந்நிலையில் நாம் காண்பது சத்தின் விளைவா, அச்சத்தின் விளைவா?

மென்மையான வழி எளியது. சீனி சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய டப்பாப் பாலை நீர்விட்டு இளக்கி, அதில் மருந்தைக் கலந்து, ஊசி நீக்கிய சிரிஞ்சின் நுனியில் காட்டுகின்றனர். 25 கிராம் எடையுள்ள சுண்டெலிக்குக் கால் மில்லிலிட்டருக்கு மேல் தேவைப்படுவதில்லை. எலி புதிய உணவை ஐயுறும் இயல்புடையது. ஆதலால் முதற் சில நாட்கள் மருந்தில்லாப் பாலையே கொடுத்துப் பழக்குதல் வேண்டும். பழகியபின் அது தானாகவே வந்து நக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. நீரிழிவு ஆய்வில் சீனி முடிவைக் குலைக்கும். கடுங்கசப்பு மருந்தை எலி மறுக்கும். ஒப்பீட்டுக்கு வைத்த எலிகளுக்கும் மருந்து கலவாத அதே பாலை அதே அளவில் தருதல் இன்றியமையாதது.

ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1959-இல் வகுத்த மூன்று நெறிகள், பிராணிக்கு மாற்றுத் தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்பன. அவற்றுள் மூன்றாவதைச் சார்ந்தது இம்முறை. நம் நாட்டில், மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் எழுப்பிய குரலின் பயனாக வந்த 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும், சோதனைகள் கவனத்தோடும் கருணையோடும் நடைபெற வேண்டும் என்கிறது. கருணை அறிவுக்குத் தடையன்று. அச்சமின்றி உண்ட எலியே ஆராய்ச்சியாளருக்கு மெய்யான விடையைத் தருகிறது.