தரவு விளக்க வினாக்களில் விரைவுக் கணக்கீடு

தரவு விளக்கம் என்பது அட்டவணை, பட்டை விளக்கப்படம், கோட்டு வரைபடம், வட்ட விளக்கப்படம் ஆகியவற்றில் தரப்பட்ட விவரங்களைப் படித்து விடை காணும் தேர்வுப் பகுதியாகும். வங்கித் தேர்வுகளிலும் யுஜிசி நெட் தேர்வின் முதல் தாளிலும் இது இடம்பெறுகிறது. வங்கிகளின் முதல்நிலைத் தேர்வில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. வினா ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட முழுதாகக் கிடைப்பதில்லை. தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண்ணும் கழிக்கப்படுகிறது. எல்லாவற்றையும் துல்லியமாகக் கணக்கிடுபவர் நேரத்தை இழக்கிறார். எல்லாவற்றையும் குத்துமதிப்பாகக் குறிப்பவர் மதிப்பெண்ணை இழக்கிறார். எந்த வினாவுக்கு எவ்வளவு துல்லியம் போதும் என்று முடிவு செய்வதே இங்கு தேவைப்படும் முதல் திறன்.

விடைத் தெரிவுகளும் தோராயமும்

கணக்கைத் தொடங்கும் முன் நான்கு அல்லது ஐந்து விடைத் தெரிவுகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அவற்றுக்கு இடையே உள்ள தூரமே தேவையான துல்லியத்தைச் சொல்லிவிடும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2001-இல் 6,24,05,679, 2011-இல் 7,21,47,030. வளர்ச்சி எத்தனை சதவீதம் என்பது வினா. தெரிவுகள் 12, 15.6, 19, 22 என்று கொள்வோம். 6.24 கோடியில் 10 சதவீதம் 0.624, அதில் பாதி, அதாவது 5 சதவீதம், 0.312. இரண்டும் சேர்ந்தால் 0.936. உண்மையான உயர்வு ஏறத்தாழ 0.97 கோடி. எனவே விடை 15-ஐவிடச் சற்று அதிகம். நீள்வகுத்தல் தேவையே இல்லை.

இதே துணிவுடன் கேரளத்தின் கணக்கை அணுகினால் ஏமாற நேரும். அங்கு 2001-இல் 3,18,41,374, 2011-இல் 3,34,06,061. இவற்றை 3.2 கோடி, 3.3 கோடி என்று முழுமையாக்கினால் வளர்ச்சி ஏறத்தாழ 3 சதவீதம் என வரும். 3.18, 3.34 என்று எடுத்தால் 5 சதவீதம். 3.184, 3.341 என்று எடுத்தால் 4.9 சதவீதம், இதுவே சரியானது. இரண்டு நெருங்கிய எண்களைக் கழிக்கும்போது விடை சிறுத்துவிடுகிறது, ஆனால் முழுமையாக்கியதால் வந்த பிழை சிறுப்பதில்லை. ஆகவே கழித்தல் வரும் இடத்தில் முதலில் கழித்துவிட்டுப் பிறகு முழுமையாக்க வேண்டும். பயிற்சி நூல்கள் பலவும் தோராயத்தைப் பரிந்துரைக்கின்றன. இந்த எச்சரிக்கையைச் சேர்ப்பவை குறைவு.

வகுத்தலில் இந்த ஆபத்து குறைவு. தொகுதியையும் பகுதியையும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே விகிதத்தில் மாற்றினால் பிழை பெரும்பாலும் தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ளும். 587/1,962 என்பதை 600/2,000 எனக் கொண்டால் 30 சதவீதம். உண்மை விடை 29.9.

பின்னங்களும் சராசரியும்

1/6 = 16.66%, 1/7 = 14.28%, 1/8 = 12.5%, 1/9 = 11.11%, 1/11 = 9.09%, 1/12 = 8.33%. இவை வாய்ப்பாடுபோல நினைவில் இருக்க வேண்டியவை. 1,540-இல் 14.28 சதவீதம் என்று கேட்டால், 7-ஆல் வகுத்து 220 என்று உடனே எழுதிவிடலாம்.

37/84, 43/95 ஆகிய இரண்டில் எது பெரியது? தொகுதியின் உயர்வு 6, பகுதியின் உயர்வு 11. 6/11 என்பது பாதிக்கு மேல். 37/84 பாதிக்குக் கீழ். ஆகவே 43/95 பெரியது.

சராசரிக்கு ஊகச் சராசரி முறை போதும். 482, 495, 510, 478, 525 ஆகியவற்றுக்கு 500-ஐ ஊகமாகக் கொண்டால் விலக்கங்கள் -18, -5, +10, -22, +25, கூடுதல் -10. அதை 5-ஆல் வகுக்க -2. சராசரி 498.

வட்ட விளக்கப்படம்

வட்டத்தின் 360 பாகை 100 சதவீதம். 18 பாகை 5 சதவீதம். மொத்தம் 7,200 மாணவர் எனில் ஒரு பாகைக்கு 20 பேர். 54 பாகைக்கு 1,080 பேர். இரு பகுதிகளின் வேறுபாட்டைக் கேட்டால் கோணங்களை முதலில் கழித்து, ஒரே ஒருமுறை பெருக்கினால் போதும். விகிதம் கேட்டால் மொத்த எண்ணிக்கையே வேண்டாம்.

அடிப்படை மாறுவதால் வரும் பிழைகள்

கணக்குத் தெரிந்தவர்களும் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இங்கேதான். தமிழ்நாட்டின் எழுத்தறிவு வீதம் 2001-இல் 73.45; 2011-இல் 80.09. உயர்வு 6.64 சதவீதப் புள்ளிகள். ஆனால் 73.45-ஐ அடிப்படையாகக் கொண்ட சதவீத உயர்வு ஏறத்தாழ 9. தெரிவுகளில் இரண்டுமே இருக்கக்கூடும். வினாவின் சொற்களைக் கவனித்தால்தான் எது கேட்கப்படுகிறது என்பது தெரியும்.

அதேபோல் அ என்பது ஆ-வைவிட 25 சதவீதம் அதிகம் என்றால், ஆ என்பது அ-வைவிட 20 சதவீதமே குறைவு. விற்பனை 20 சதவீதம் உயர்ந்து, அடுத்த ஆண்டு 20 சதவீதம் குறைந்தால் அது பழைய இடத்துக்கு வருவதில்லை. 4 சதவீதம் குறைந்தே நிற்கும்.

பட்டை விளக்கப்படத்தில் அதிகச் சதவீத உயர்வு எந்த ஆண்டில் என்று கேட்டால், கண் இயல்பாகவே உயரமான பட்டைகளுக்குப் போகும். 100-இலிருந்து 130-க்கு ஏறியது 30 சதவீதம். பக்கத்திலேயே 40-இலிருந்து 60-க்கு ஏறிய குட்டைப் பட்டைதான் 50 சதவீதம். ஆகவே சிறிய அடிப்படை உள்ள ஆண்டுகளை முதலில் சோதிப்பது நல்லது. செங்குத்து அச்சு சுழியத்தில் தொடங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது 400-இல் தொடங்கினால், 500-க்கான பட்டை 450-க்கான பட்டையைப்போல இரு மடங்கு உயரமாகத் தெரியும்.